ஓரத்தில் ஒட்டிய ஒரு கிராம்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ விளையாட்டுச் சாமான் கடையில் கேரம் ஸ்ட்ரைக்கர் கேட்டால், கடைக்காரர் ஒன்றை மட்டும் எடுத்துத் தரமாட்டார். டப்பாவையே முன்னால் கவிழ்த்துவிடுவார். பூப்போட்டது, ஜிகினா மின்னுவது, நட்சத்திரம் வரைந்தது, வெறும் வெள்ளை என்று குவியும். அதில் நல்லதாக ஒன்றை எடுத்து இரண்டு முகத்தையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். படம் விரலில் தட்டாது. ஜிகினாவும் பூவும் அக்ரிலிக்குக்குள் புதைந்திருக்கும். பலகையில் உராயும் பரப்பில் ஒன்றும் இருக்காது. ஆடத் தெரிந்த பையன் படத்தைப் பார்த்து வாங்குவதுமில்லை. மேசை மீது வைத்து ஒருமுறை சுண்டுவான், உள்ளங்கையில் ஏந்தி எடை பார்ப்பான், ஓரத்தில் சில்லு விட்டிருக்கிறதா என்று நகத்தால் ஒரு சுற்று வருவான்.

சுண்டும் தட்டோ, எறியும் தட்டோ, அதை அலங்கரிக்கலாமா, மாற்றியமைக்கலாமா என்ற கேள்வி எல்லா விளையாட்டிலும் எழும். விதிப்புத்தகங்கள் தரும் பதிலின் சாரம் ஒன்றுதான்: பார்வைக்கு எப்படி வேண்டுமானாலும் மாறட்டும், நகரும் விதம் மாறக் கூடாது. சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. எந்த மாற்றம் நகர்வைத் தொடும், எது தொடாது என்று பிரிக்க உட்கார்ந்தால் இயற்பியல் உள்ளே வந்துவிடுகிறது. அதற்கும் மேலே போனால், இயற்பியலால் பதில் சொல்ல முடியாத இடம் ஒன்றும் வருகிறது. கேரம் பலகையில் தொடங்கிக் காற்றில் பறக்கும் தட்டு வரை போய்ப் பார்ப்போம்.

பதினைந்து கிராம் ஏன்?

கேரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு தெருமுனை மன்றத்தோடு நிற்பதில்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைதான்.

பலகையில் 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு என்று கிடக்கும் காய்கள் பொதுவானவை. ஆட்டக்காரர் தன் பையிலிருந்து எடுத்து வைக்கும் சொந்தச் சாமான் ஸ்ட்ரைக்கர் ஒன்றுதான். அதனால் மாற்றிப் பார்க்கும் ஆசையும் அதன் மேல்தான் போகும். சம்மேளனத்தின் விதி அதற்குச் சுருக்கமாக வேலி போடுகிறது: வட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும், விட்டம் 4.13 சென்டிமீட்டரையும் எடை 15 கிராமையும் தாண்டக் கூடாது. உலோகமும் தந்தமும் கூடாது.

உலோகம் ஏன் கூடாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 15 கிராம் அக்ரிலிக் ஸ்ட்ரைக்கரின் தடிமன் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அதே அளவில் எஃகில் செய்தால் எடை 100 கிராமை ஒட்டி வரும். எதிரே கிடக்கும் மரக் காயின் எடையோ 5 முதல் 5.5 கிராம். அப்படி ஒரு அடியைக் காயும் தாங்காது, சட்டமும் தாங்காது.

சரி, எஃகு வேண்டாம். ஈயத்தூள் கலந்தோ வேறு எப்படியோ 30 கிராமில் ஒரு ஸ்ட்ரைக்கர் செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். லாபம் உண்டா? மோதலுக்குப் பிறகு இரண்டும் விலகும் வேகம், நெருங்கிய வேகத்தில் 80 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நேராக மோதினால் காய், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப்போல் 1.33 மடங்கில் ஓடும். 30 கிராம் என்றால் 1.53 மடங்கு. எடையை இரட்டிப்பாக்கியும் காய்க்குக் கிடைத்த கூடுதல் வேகம் 15 சதவீதம்தான். அதுவும் இரண்டு ஸ்ட்ரைக்கரும் ஒரே வேகத்தில் வந்தால்தான். விரல் ஒரே ஆற்றலைத்தான் தரும் என்றால் கனமானது மெதுவாகக் கிளம்பும். அந்தக் கணக்கில் காயின் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மோதிய பின் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் பாதியை வைத்திருக்கும். 30 கிராம் முக்கால் பங்கை வைத்திருக்கும். நேராகப் பை நோக்கி அடித்திருந்தால் காய்க்குப் பின்னாலேயே அதுவும் விழுந்து ஃபவுல் ஆகும்.

அப்படியானால் ஆட்டக்காரர்கள் ஏன் 15 கிராமை ஒட்டியே வாங்குகிறார்கள்? எடை தேவைப்படும் இடம் ஒற்றைக் காய் இல்லை. தொடக்கத்தில் நடுவில் நெருங்கிக் கிடக்கும் கூட்டத்தை உடைக்கும்போதும், ஒட்டிக் கிடக்கும் இரண்டு மூன்று காய்களைச் சேர்த்து நகர்த்தும்போதும் கனம் உதவும். உச்சவரம்பு இல்லாவிட்டால் கூட்டத்தை உடைக்கும் முதல் அடியிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். விரலின் திறமைக்கு இருக்கும் மதிப்பைக் காக்கத்தான் அந்த 15.

அடிப்பரப்பின் கதை வேறு. பலகையில் தூவும் போரிக் பவுடரின் படிகம் அடுக்கடுக்கானது. அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது, அடுக்குகளுக்கு இடையே பலவீனமானது. அதனால் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிக் கொடுக்கும். இந்தச் சறுக்கலைக் கெடுக்க, ஸ்ட்ரைக்கரின் அடியில் ஒரு ஸ்டிக்கரின் முனை பெயர்ந்து நின்றால் போதும். மேல் முகத்தில் என்ன படம் இருந்தாலும் ஆட்டத்துக்குத் தெரியாது. அடி முகத்தில் காகிதத் தடிமனுக்கு ஒன்று இருந்தாலும் தெரிந்துவிடும்.

பலகையை விட்டுக் காற்றுக்கு

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையில், புதுச்சேரிக்குச் சற்று முன்னால் விலகினால் ஆரோவில். விழுப்புரம் மாவட்டத்தில் பறக்கும் தட்டை விளையாட்டாக எடுத்துக்கொண்ட இடம் அது. அங்கே அல்டிமேட் ஆடுகிறார்கள். சென்னையிலும் அந்த ஆட்டத்துக்குப் பல அணிகள் உண்டு. அல்டிமேட் தட்டின் எடை 175 கிராம், விட்டம் 27 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் தட்டை ஆளுக்கு ஆள் வீசிப் பிடித்து எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். இரு அணிக்கும் ஒரே தட்டு என்பதால், அதை மாற்றி யாரும் தனி லாபம் அடைய முடியாது.

அதன் உறவுக்கார ஆட்டமான டிஸ்க் கோல்ஃபில் நிலைமை கேரத்தை ஒத்தது. ஆளுக்கொரு பை நிறையச் சொந்தத் தட்டுகள். மரங்களுக்கு இடையே எறிந்து, கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடையில் குறைந்த எறிதல்களில் விழவைக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் அமெரிக்கரான எட் ஹெட்ரிக். முதல் களத்தை 1975-இல் கலிஃபோர்னியாவில் அமைத்தார். அடுத்த ஆண்டு தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிரிஸ்பீயின் மேல்பரப்பில் வட்ட வட்டமாக மேடு வரிகளைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றவரும் அவரே. பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைக்கும் அந்த வரிகள், மேல்பரப்பை ஒட்டி ஓடும் காற்றைச் சற்றே கலைத்துத் தட்டை நிதானமாகப் பறக்க வைப்பதற்காகப் போடப்பட்டவை. 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து நினைவுத் தட்டுகள் வார்த்தார்கள்.

தட்டு பறப்பதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. குவிந்த மேல்முகம் விமான இறக்கையின் வேலையைச் செய்து தூக்குகிறது. சுழற்சி, பம்பரத்தைப் போல, சாயாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் காற்றின் தூக்குவிசை தட்டின் நட்டநடுவில் செயல்படுவதில்லை; வேகத்துக்கும் சாய்வுக்கும் ஏற்ப முன்னும் பின்னும் நகர்கிறது. சுழலாத தட்டாக இருந்தால் மூக்கு மேலேயோ கீழேயோ புரண்டுவிடும். சுழலும் தட்டில் அந்தப் புரட்டும் விசை தொண்ணூறு பாகை தள்ளிப் பக்கவாட்டுச் சாய்வாக வெளிப்படும். வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும் தட்டு வேகமாக இருக்கும்போது வலப்பக்கம் சாயப் பார்ப்பதும், வேகம் தணிந்ததும் இடப்பக்கம் வளைந்து இறங்குவதும் இதனால்தான். ஒவ்வொரு தட்டிலும் இந்த வளைவின் அளவு வேறு. ஆட்டக்காரர் பையிலிருந்து தட்டைத் தேர்ந்தெடுப்பதே அந்த வளைவுக்காகத்தான்.

1983-இல் டேவ் டனிபேஸ் வடிவமைத்த ஈகிள் தட்டு, விளிம்பைச் சாய்வாகச் சீவி காற்றைக் கிழிக்க வைத்து ஆட்டத்தையே மாற்றியது. விளிம்பைக் கூராக்கினால் தூரம் கூடும் என்று தெரிந்த பிறகு கூராக்கிக்கொண்டே போக யாருக்குத்தான் ஆசை வராது? அதனால்தான் விளிம்பின் முனைக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வளைவு ஆரம் வேண்டும் என்று சங்கம் விதித்தது. விளையாட்டுத் தட்டு சக்கராயுதம் ஆகாமல் இருக்க இப்படி ஒரு மில்லிமீட்டர்க் கணக்குத் தேவைப்பட்டது.

பெயிண்ட் ஆகாது, சாயம் ஆகும்

டிஸ்க் கோல்ஃபில் எந்தத் தட்டும் 200 கிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவிதி. அதைவிட இறுக்கமான விதி ஒன்று உண்டு: விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் உச்சம். தூரம் எறியும் தட்டுகளின் விட்டம் பெரும்பாலும் 21.1 சென்டிமீட்டர். பெருக்கினால் 175.1 கிராம். கடையில் வாங்கும் தட்டின் அடியில் ‘175’ என்று எழுதியிருந்தால், அது வரம்பின் விளிம்பில் நிற்கிறது என்று பொருள்.

அந்தத் தட்டின் மேல்முகத்துக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்து, மயிலோ முருகனோ வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்முகத்தின் பரப்பு சுமார் 350 சதுர சென்டிமீட்டர். காய்ந்த பெயிண்டின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றாலும் மூன்றரை கன சென்டிமீட்டர் பொருள் ஏறிவிடும். எடையில் நான்கு கிராமுக்குக் குறையாது. தட்டு 179 கிராம் ஆகி வரம்பைத் தாண்டிவிட்டது. தூரிகை ஓடிய தடம் வேறு மேல்பரப்பில் மேடு பள்ளமாக நிற்கும். தொட்டு உணரக்கூடிய தடிமன் உள்ள பொருளால் பூசப்பட்ட தட்டு செல்லாது என்று விதி சொல்வதற்குப் பின்னால் இந்த இரண்டு கணக்கும் இருக்கின்றன.

அதே மயிலைச் சாயத்தில் ஏற்றினால் தடையில்லை. தட்டுகளுக்கு ஏற்றும் சாயம் பாலியஸ்டர் துணிக்குப் போடும் டிஸ்பர்ஸ் வகை. அதன் மூலக்கூறுகள் சிறியவை, மின்னேற்றம் அற்றவை. சூடு ஏறி பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் நெகிழும்போது நடுவே நுழைந்து, ஆறியதும் உள்ளேயே தங்கிவிடும். நிறம் பரப்புக்கு அடியில் இருப்பதால் விரல் ஒன்றையும் உணராது. மலிவான பாலிஎத்திலீன் தட்டு இந்தச் சாயத்தைச் சரியாக உள்ளே விடுவதில்லை. அதனால் படம் ஏற்ற விரும்புகிறவர்கள் விலை கூடிய தட்டையே வாங்குகிறார்கள். ஷேவிங் க்ரீம் நுரையின் மேல் சாயத்தைச் சொட்டி, குச்சியால் கோலமிழைத்து, அதன் மேல் தட்டைக் கவிழ்த்து வைப்பது பிரபலமான முறை. மறுநாள் எடுத்துக் கழுவினால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத படம்.

பெயர் எழுதும் விஷயத்தில் விதி இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒவ்வொரு தட்டிலும் அடையாளம் இருந்தே ஆக வேண்டும். குறியில்லாத தட்டை எறிந்தால் முதல்முறை எச்சரிக்கை, அடுத்து ஒவ்வொரு முறையும் ஓர் எறிதல் தண்டம். மார்க்கர் மை ஏற்றுவது மில்லிகிராம் கணக்கு. பறத்தலுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் புதருக்குள் ஒரே மாதிரி இரண்டு தட்டு கிடந்தால் யாருடையது எது என்ற சண்டைக்கு முற்றுப்புள்ளி வைப்பது அந்த மில்லிகிராம்தான்.

இருட்டில் ஆடும்போது போட்டி நடத்துநர் அனுமதித்தால் தட்டில் சிறு விளக்கு ஒட்டலாம். நாடாவோ தோரணமோ கட்டித் தொங்கவிட அனுமதி இல்லை. விளக்கை நடுவில் ஒட்டினால் சுழற்சிக்குப் பெரிய தொந்தரவில்லை. வால் போல் பின்னால் இழுபடும் நாடாவோ காற்றைப் பிடித்துச் சுழற்சியைத் தின்னும்.

ஓரத்தின் கணக்கு

நடு, ஓரம் என்ற இந்த வேறுபாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 175 கிராம் தட்டின் விளிம்பை ஒட்டி ஒரே இடத்தில் ஒரு கிராம் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். எடையில் பார்த்தால் 175-இல் ஒன்று, யாருக்கும் தெரியாது. தட்டு நிமிடத்துக்கு 1,200 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். நல்ல ஆட்டக்காரருக்கு இது சாதாரணம். நடுவிலிருந்து 10.5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஒரு கிராமை வட்டத்தில் பிடித்து வைக்கத் தேவையான விசை 1.66 நியூட்டன். முழுத் தட்டின் எடை 1.7 நியூட்டன். ஓரத்து ஸ்டிக்கர், தட்டின் மொத்த எடைக்குச் சமமான விசையோடு, நொடிக்கு 20 முறை திசை மாற்றித் தட்டை இழுக்கிறது.

அதனால் தட்டு தன் வடிவ மையத்தை விட்டு, அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகிய புதிய மையத்தைச் சுற்றத் தொடங்கும். ஸ்டிக்கர் மேல்முகத்தில் மட்டும் இருந்தால் சுழல் அச்சும் துளி சாயும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது நடுக்கமாகத் தெரியும். நடுங்கும் தட்டு காற்றை அதிகமாகத் தள்ளும், வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். இதே ஒரு கிராம் தட்டின் நடுவில் இருந்தால் மேலே சொன்ன விசை பூஜ்யம்.

விரிசல் விட்ட தட்டும் துளையிட்ட தட்டும் செல்லாது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஓரத்தில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் விளைவு ஒன்றே. செல்லாத தட்டை எறிந்தவருக்கு எச்சரிக்கைகூடக் கிடையாது. நேராக இரண்டு எறிதல் தண்டம்.

தேய்ந்தது வேறு, தேய்த்தது வேறு

இதுவரை இயற்பியலும் விதியும் கைகோத்து வந்தன. இனிமேல்தான் பிரிகின்றன.

மரத்தில் மோதி, பாறையில் உரசி, மண்ணில் தேய்ந்த பழைய தட்டு புதியதைப்போல் பறக்காது. விளிம்பு மழுங்க மழுங்க வலப்பக்கச் சாய்வு கூடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரே அச்சில் வார்த்த தட்டில் புதிது ஒன்று, ஓராண்டு அடிபட்டது ஒன்று, கிழடு ஒன்று என்று வைத்துக்கொண்டு மூன்றையும் மூன்று விதமான எறிதலுக்கு எடுப்பார்கள். பறத்தல் மாறியிருக்கிறது, ஆனாலும் செல்லும். ஆடித் தேய்ந்ததை விதி மன்னிக்கிறது. வார்ப்பில் நின்ற பிசிறையும் அடிபட்ட கீறலையும் உப்புத்தாளால் மிதமாகச் சரிசெய்துகொள்ளவும் அனுமதிக்கிறது. ஆனால் புதுத் தட்டை வாங்கி, வீட்டில் உட்கார்ந்து, உப்புத்தாளால் ஓராண்டுத் தேய்மானத்தை ஒரே மாலையில் கொண்டுவந்தால் அது செல்லாத தட்டு. இரண்டு விளிம்பையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு அவ்வளவாக இருக்காது. வேறுபாடு அங்கே போய்ச் சேர்ந்த வழியில் இருக்கிறது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது பழகிய வழக்கு. ஆடுகளத்தில் உருண்டு ஒரு பக்கம் சொரசொரப்பான பந்து ரிவர்ஸ் ஸ்விங் ஆனால் கைதட்டுகிறோம். மறுபக்கத்தைக் கால்சட்டையில் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். 2018 மார்ச்சில் கேப் டவுனில் ஆஸ்திரேலிய வீரர் பேன்க்ராஃப்ட் உப்புத்தாளால் தேடியதும் அதே சொரசொரப்பைத்தான். அவருக்கு ஒன்பது மாதம், அணித் தலைவர் ஸ்மித்துக்கும் துணைத் தலைவர் வார்னருக்கும் ஓராண்டு தடை. காற்றுக்கு உப்புத்தாளும் ஆடுகள மண்ணும் ஒன்றுதான். ஆட்டத்துக்கு ஒன்றில்லை. ஆடுகளம் இரண்டு அணிக்கும் பொது. உப்புத்தாள் ஒருவருடைய பையில் இருந்தது.

ஆகவே விதி கேட்பது இரண்டு கேள்வி. முதலாவது, நகர்வு மாறியதா? இதற்குத் தராசும் அளவுகோலும் பதில் சொல்லும். இரண்டாவது, மாற்றியது ஆட்டமா, ஆளா? இதற்கு எந்தக் கருவியும் கிடையாது. ‘மிதமாக’ என்ற சொல்லை விதிப்புத்தகம் அளவு சொல்லாமல் விட்டிருப்பது அதனால்தான். டிஸ்க் கோல்ஃபில் ஒன்றாக ஆடுகிறவர்களே ஒருவர் தட்டை ஒருவர் கேள்வி கேட்கலாம். அல்டிமேட்டில் நடுவரே இல்லாமல் ஆட்டக்காரர்கள் தாங்களே தவறைச் சொல்லி ஒத்துக்கொள்கிறார்கள். மன்றத்துக் கேரம் பலகையிலும் ‘அந்த ஸ்ட்ரைக்கர கொஞ்சம் குடு’ என்று எதிராளி வாங்கித் திருப்பிப் பார்ப்பது உண்டுதானே!

செய்து பாருங்கள்

பொம்மைக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பறக்கும் தட்டு ஒன்று, முக்கால் அங்குல இன்சுலேஷன் டேப் ஒரு சுருள், மல்லாட்டை பிடுங்கிய கொல்லை ஒன்று. இவ்வளவு போதும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று ஏறினால் கணக்குக் குழம்பிவிடும்.

முதலில் வெறும் தட்டை வீசி, அது பறக்கும் விதத்தைக் கவனியுங்கள். பிறகு ஓரடி டேப்பை மடித்து விளிம்பின் உள்பக்கத்தில் ஒரே இடத்தில் அழுத்தி ஒட்டுங்கள். ஓரடி டேப்பின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். இப்போது வீசினால் கையை விட்டுக் கிளம்பும்போதே நடுக்கம் தெரியும். பொம்மைத் தட்டு எடை குறைந்தது என்பதால் இன்னும் தெளிவாகவே தெரியும். மூன்றாவதாக, அதே ஓரடியை எட்டுத் துண்டாக வெட்டி விளிம்பைச் சுற்றிச் சம இடைவெளியில் ஒட்டுங்கள். கூடிய எடை அதே ஒரு கிராம். ஆனால் நடுக்கம் போய்விடும். ஓரத்தில் எடை கூடியதால் சுழற்சி சற்று நின்று பிடிக்கவும் கூடும்.

நன்றாகப் பறந்த இந்த மூன்றாவது தட்டைப் போட்டியில் எடுத்தால் அதுவும் செல்லாது. விதி தடுப்பது தட்டு கெடுவதை மட்டும் இல்லை. ஒருவர் கையில் மட்டும் அது மேம்படுவதையும்தான்.